வைத்த இடத்தில் நின்ற கை

போன மாதம் மனநல கிளினிக்கில் வேலை செய்யும் பிள்ளைகள் இருவர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். ஓய்வு பெற்ற ஆளைப் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாக ஒரு பிஸ்கட் பக்கற்றும் ஏதாவது ஒரு சந்தேகமும் கொண்டு வருவார்கள். இவர்கள் ஒரு போனைக் கொண்டு வந்தார்கள். அதில் கேள்விகள் வருகின்றன. நோயாளி பதில் சொல்லச் சொல்ல விரலால் தட்டிக்கொண்டு போனால் கடைசியில் ஓர் எண் வருகிறது. மனம் எவ்வளவு தூரம் பழுதாகியிருக்கிறது என்பதை அந்த எண் சொல்லிவிடுமாம்.

"மிஸ், இதெல்லாம் இல்லாம அந்தக் காலத்தில நீங்க எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

அந்தக் காலமாம்! நான் இந்தப் படிப்பைப் படித்தது யுத்தம் முடிந்த பிறகுதான். ஏதோ நான் ஏட்டுச்சுவடியில் படித்தவளைப் போலக் கேட்கிறாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் பிள்ளை கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எனக்கும் அந்தப் போன் மேல் கோபம் எதுவும் இல்லை. வாய் திறந்து பதில் சொல்கிறவர்களுக்கு அது நல்ல சாமான்தான்.

"வாய் திறக்காத ஆளிட்ட இது என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"பதில் சொல்ல மறுத்தார் எண்டு ஒரு இடம் இருக்கு மிஸ். அதத் தட்டலாம்."

சிரித்தேன். சிரித்து முடியுமுன்னே நஸீஹாவின் முகம் வந்து முன்னால் நின்றது. அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. அன்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதைத்தான், எழுதித் தாருங்கள் என்று அவர்கள் விடாமல் கேட்டதால், இங்கே எழுதுகிறேன். நஸீஹா என்பது நான் வைத்த பெயர். அவளிடம் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். நான் தாதியாகி, பல வருடங்கள் சத்திரசிகிச்சை வார்டில் கழித்தேன். அங்கே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வெட்டின இடம் தெரியும், தைத்த இடம் தெரியும், சீழ் வந்தால் மணக்கும். யுத்தம் முடிந்த கையோடு, தமிழ் தெரிந்த தாதிமார் மனநலப் படிப்புக்கு வேண்டும் என்று அறிவித்தார்கள். நான் கையை உயர்த்தினேன். சேவை மனப்பான்மை என்று சொன்னால் நம்புவீர்கள், ஆனால் உண்மை அதுவல்ல. இரவு வேலையில் என் முழங்கால் இரண்டும் போயிருந்தன.

படிப்பில் 'அசாதாரண நடத்தை' என்று ஒரு பாடம். அதைப் படிக்கத் தொடங்கிய மாணவருக்கு என்ன நடக்கும் என்று யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. முதலாவது தவணை முடியுமுன்னே எனக்கு எல்லா நோயும் வந்துவிட்டது. பதற்ற நோய் பற்றி விரிவுரை நடந்த கிழமை பஸ்ஸில் மூச்சு முட்டியது. எண்ணச் சுழற்சி நோய் பற்றிப் படித்த கிழமை காஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாலாவிச் சந்தியிலிருந்து திரும்பி வந்து பார்த்தேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அதன் பிறகு வீட்டுக்காரருக்கும் ஒரு நோயைக் கண்டுபிடித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் பக்குவமாகச் சொன்னேன்.

"நீ படிக்கப் போக முன்னம் நான் நல்லாத்தானே இருந்தன்?" என்று கேட்டுவிட்டு அவர் மீன் முள்ளை எடுக்கத் தொடங்கினார்.

பகிடி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வகுப்பில் நான் வாய் பிளந்து இருந்த நாட்கள் அதிகம். கண்ணில் ஒரு கோளாறும் இல்லாமல் பார்வை போகலாம் என்றார்கள். யாருமில்லாத அறையில் தன் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலை, நான் உங்கள் குரலைக் கேட்பது போலவே ஒருவர் கேட்கலாம் என்றார்கள். இத்தனை வருடம் நான் கட்டுப் போட்டதும் கழுவியதும் வெறும் வாசற்படியைத்தான், வீட்டுக்குள்ளே நான் போகவே இல்லை என்று பட்டது. வேதபாடத்தில் கூட எனக்கு அவ்வளவு பயபக்தி வந்ததில்லை.

அந்தப் பாடத்தில் ஒரேயொரு பந்தியில் மட்டும் வந்த நிலை ஒன்று உண்டு. கற்றடோனியா என்று பெயர். ஆள் விழித்திருப்பார், ஆனால் பேசமாட்டார், அசையமாட்டார். அவருடைய கையை எடுத்து ஓர் இடத்தில் உயர்த்தி வைத்தால், மெழுகில் செய்த கை போல அது வைத்த இடத்திலேயே நிற்கும். "இப்படி ஒரு நோயாளியைக் காணாமலே நீங்கள் ஓய்வு பெறக்கூடும்" என்று சொல்லிவிட்டு விரிவுரையாளர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அது வெள்ளைக்காரருக்கு வருகிற நோயாக்கும் என்று நானும் பக்கத்தைப் புரட்டினேன்.

படிப்பு முடிந்ததும் புத்தளம் பக்கத்துக் கரையோர கிளினிக்குகளுக்கு என்னைப் போட்டார்கள். அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் ஒரு மனநல வைத்திய நிபுணர். தெற்குப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. நாங்கள் மெடம் என்போம். அவருடைய தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும். அதை அவர் மறைக்கவும் மாட்டார். "எனக்குத் தமிழ் கொஞ்சம்தான். அதனால நான் நல்லாக் கேப்பேன்" என்று நோயாளியிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போடுவார். வீடுகளுக்குப் போனால், கதிரை கொண்டுவரச் சொல்லி ஆளை அனுப்புமுன்னே பாயில் உட்கார்ந்துவிடுவார். பிறகு ஒரு மௌனம் வரும். முதலில் அந்த மௌனத்தைத் தாங்க என்னால் முடியவில்லை. ஏதாவது சொல்லி நிரப்பப் பார்ப்பேன். மெடம் என் பக்கம் பார்க்காமலே ஒரு விரலை மட்டும் இலேசாக உயர்த்துவார். நான் வாயை மூடிக்கொள்வேன்.

அவரிடம் இன்னொரு முறை இருந்தது. ஒருவர் செய்வது அசாதாரணமா இல்லையா என்று அவர் புத்தகத்தில் தேடமாட்டார். அதே ஊரில், அதே வயதில், அதே கஷ்டத்தைக் கடந்து வந்த இன்னொருவரைத் தேடுவார். நுரைச்சோலையில் வன்னியிலிருந்து வந்து குடியேறிய பெரியவர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டதும் உடுப்பையும் அடையாள அட்டையையும் பையில் கட்டிக் கதவடியில் வைத்துவிட்டுத்தான் படுப்பார். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் அதைப் பெரிய அறிகுறியாக எழுதிக்கொண்டு வந்தார்கள். மெடம் பக்கத்து வீட்டு மனுசியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஐயோ மெடம், நானும்தான் கட்டி வைக்கிறன். இஞ்ச எல்லாரும்தான். இடம்பெயர்ந்த சனமல்லே?" என்றாள் அவள். "ஆனா இவர் பையைக் கட்டிப்போட்டு அதுக்குப் பக்கத்தில விடியவிடிய இருக்கிறார். நாங்கள் படுத்திடுவம்."

"ஹரி, சரிதான். அப்ப பை நோய் இல்ல. நித்திரை இல்லாததுதான் நோய்" என்றார் மெடம். வகுப்பில் ஒரு மாதம் படித்தது அந்த ஒரு வரியில் எனக்கு விளங்கிவிட்டது.

இனி நஸீஹா.

ஒரு கிளினிக் நாள். தன் தாயின் மருந்தை எடுக்க மாதாமாதம் வரும் பெண் ஒருத்தி வந்திருந்தாள். பள்ளிவாசல்துறையைச் சேர்ந்தவள். அவளுடைய நானாவை, அதாவது அண்ணனை, கடல் கொண்டுபோன செய்தி எங்களுக்கும் தெரியும்; நஸீஹா அவருடைய மனைவி. போட் கவிழ்ந்து, கூடப் போனவர் நீந்திக் கரை சேர்ந்தார். நஸீஹாவின் புருசன் தாழ்ந்து போனதைத் தன் கண்ணால் கண்டதாக அவர் சாட்சி சொன்னார். மையித்து, அவருடைய உடல், கரையொதுங்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கதைத்து, ஆள் மௌத்து, இறந்துவிட்டார் என்று முடிவெடுத்து, உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுகை வைத்தார்கள். நஸீஹா இத்தாவில் உட்கார்ந்தாள். புருசனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, வீட்டோடு, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற காலம் அது.

"எப்பிடி உங்கட மதினி?" என்று மருந்தைச் சுற்றிக்கொண்டே கேட்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ் மிஸ், அவட ஸபூர், அந்தப் பொறுமை, ஒருத்தருக்கும் வராது. இத்தா இரிக்கிறதெண்டா அப்பிடித்தான் இரிக்கோணும் எண்டு ஊரே செல்லுது. ஒரு சொல்லுக் கதைக்கிறல்ல. வெச்ச இடத்தில இரிப்பா. குப்பாயம் மாத்தக் கையைத் தூக்கிவிட்டா, தூக்கின கையைக் கீழ போடவும் மாட்டா. நாங்கதான் எறக்கிவிடோணும். அவ்வளவு ஒழுக்கம்."

புத்தகத்தின் அந்த ஒரு பந்தி பள்ளிவாசல்துறையில் ஒரு வீட்டின் உள் அறையில் உட்கார்ந்திருக்கிறது! வெள்ளைக்காரருடைய நோய் என்று நான் புரட்டிவிட்ட பக்கம், இங்கே, மஸ்லின் சேலை கட்டிக்கொண்டு.

"சாப்பாடு?" என்றேன்.

"கஞ்சி பருக்குவோம். இப்ப ரெண்டொரு நாளா வாய்க்குள்ளயே வெச்சிக்கொண்டு இரிக்கிறா. துக்கம்தானே மிஸ்."

நான் மருந்தை மேசையில் வைத்துவிட்டு மெடம் இருந்த அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்பது உண்மை. முழங்காலை நினைக்கவில்லை.

அன்று பின்னேரமே மெடம் புறப்பட்டார். வாகனம் கற்பிட்டி றோட்டில் போகும்போது எனக்குள் ஒரு விளக்கம் அழகாகத் திரண்டுவிட்டது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மெடம், மையித்துக் கிடைக்கல்ல. அவ உள்ளுக்கு இன்னும் ஒப்புக்கொள்ளல்ல. அசைஞ்சா அவர் மௌத்து எண்டது உண்மையாகிடும். அதுதான் அவ நேரத்தையே நிப்பாட்டி வச்சிருக்கிறா" என்றேன்.

மெடம் வெளியே வெங்காயத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "மிஸ், கதை ரொம்ப அழகு. அழகா இருக்கிறதால எனக்குப் பயம். முதல்ல தண்ணி பாப்போம். தண்ணி குடிக்காட்டி சிறுநீரகம் போகும். அசையாம இருந்தா காலில ரத்தம் கட்டும், அது நெஞ்சுக்குப் போனா உடன முடிஞ்சிரும். கதை பிறகு."

என் அழகான விளக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு நானும் வெங்காயத் தோட்டங்களைப் பார்த்தேன்.

வீட்டில் நஸீஹாவின் மாமிதான் எல்லாம். புருசனையும் இப்போது மகனையும் பறிகொடுத்த மனுசி. மெலிந்த உடம்பு, கட்டையான குரல். இத்தாவில் இருக்கிற மருமகளைப் பார்க்க டொக்டர் எதற்கு என்று அவருக்குப் பிடிக்கவில்லை. வந்தது பெண் என்பதால்தான் உள்ளே விட்டார்.

உள் அறையில் யன்னல் சேலை போட்டு மறைத்திருந்தது. வெள்ளைச் சேலையில், சுவரோடு சாய்ந்து, கால்களை மடக்கி, நஸீஹா இருந்தாள். இளம் பெண். கண் திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. அவள் எங்களைப் பார்க்கவில்லை, பார்க்காமலும் இல்லை. நான் எத்தனையோ பிரேதங்களைக் கழுவி உடுத்தியிருக்கிறேன், எனக்குப் பயம் வந்ததில்லை. அன்று வந்தது. உயிர் இருக்கிற உடம்பு அப்படி அசையாமல் இருப்பதை நான் அதுவரை கண்டதில்லை.

மெடம் கடிகாரத்தைக் கழற்றினார். அவள் முன்னால் பாயில் உட்கார்ந்தார். "நஸீஹா, நான் டொக்டர். எனக்குத் தமிழ் கொஞ்சம்தான், அதனால நான் நல்லாக் கேப்பேன்" என்று எல்லாரிடமும் சொல்வது போலவே சொன்னார். பிறகு அந்த மௌனம். பதில் வராது என்று தெரிந்தும், பதிலுக்கு இடம் விட்டு இருந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்த பரிசோதனையை நான் வருடக்கணக்காக வகுப்புகளில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் செய்யுமுன் அவளுக்குச் சொன்னார். தன் தலையைப் பெரிதாகச் சொறிந்தார். சில நோயாளிகள் பார்த்ததையே திருப்பிச் செய்வார்கள், இவள் செய்யவில்லை. "உங்க கையைப் பிடிக்கப் போறேன்" என்று சொல்லி முழங்கையை மெதுவாக மடக்கி நீட்டிப் பார்த்தார். "இப்ப நான் கையைத் தூக்குவேன். நீங்க தூக்க விட வேணாம்" என்று சொல்லி, அவளுடைய உள்ளங்கைக்குக் கீழே தன் ஒரு விரலை மட்டும் வைத்து உயர்த்தினார். கை எழுந்தது. காற்றில் பஞ்சு எழும்புவது போல, ஒரு பாரமும் இல்லாமல் தோள் உயரத்துக்கு வந்தது. மெடம் விரலை எடுத்தார்.

கை அங்கேயே நின்றது.

நாங்கள் எல்லாரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கிளினிக்குக்கு வந்திருந்த அந்தப் பெண் மட்டும், "பாருங்க, இதத்தான் நான் செல்ற. என்ன ஒரு ஸபூர்" என்றாள்.

மெடம் அந்தக் கையைத் தானே இறக்கி அவளுடைய மடியில் வைத்தார். பிறகு மாமியின் பக்கம் திரும்பினார்.

"உம்மா, நீங்களும் இத்தா இருந்தீங்கதானே? எப்பிடி இருந்தீங்க? எனக்குச் சொல்லுங்க. எனக்கு அது தெரியாது."

"எப்பிடி இரிக்கிற? ஊட்டுக்குள்ளதான் இரிந்தன். வெளிய போகல்ல. அத்தர் பூசல்ல."

"கதைச்சீங்களா?"

"கதைக்காம? பொம்புளயள் வருவாங்க. அழுவோம், கதைப்போம். ஒரு நாள் சிரிச்சும் போட்டன், அல்லாஹ் மன்னிக்கோணும்."

"சாப்பாடு?"

"முதல்ல எறங்கல்ல. பொறகு பசிச்சிச்சி, சாப்பிட்டன். மனுசர்தானே."

"முகத்தில இலையான் வந்து இருந்தா?"

"தட்டி வி..." என்று தொடங்கிய மாமி நிறுத்திவிட்டார்.

மீன் காய்கிற ஊர், ஈக்கு, அதுதான் இலையானுக்கு, பஞ்சமில்லை. நஸீஹாவின் வெடித்த உதட்டில் ஒன்று இருந்தது. அது மெல்ல நடந்து மூக்கைக் கடந்து, திறந்திருந்த கண்ணின் ஓரத்துக்குப் போனது. அவள் இமைத்தாள், அவ்வளவுதான். கை எழவில்லை, முகம் திரும்பவில்லை. இலையான் பறந்து திரும்பவும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

மாமி பாய்ந்து வந்து சேலைத் தலைப்பால் அதை விரட்டினார். மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "யா அல்லாஹ்! இது இத்தா இல்ல, இது வேற என்னமோ! எங்கட புள்ள இல்லயே இது! டொக்டர், இவ எங்க போயிட்டா?"

"உள்ளுக்குத்தான் இருக்கிறாங்க. கூப்பிட்டுப் பாப்போம். ஆனா வைத்தியசாலைக்குப் போக வேணும், இப்பவே" என்றார் மெடம்.

இத்தாவில் இருக்கிற பெண்ணை ஊர் பார்க்க வெளியே கொண்டு போவதா என்று வாசலில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு வயதானவள், "மௌலவியக் கேக்காம..." என்று இழுத்தாள்.

"உசிருக்கு மருந்து எடுக்கிறத்துக்கு அவரு வேணாம் எண்டா செல்லப் போறாரு? போய்ப் படுக்க விரிக்கிற சீட்டுகளக் கொண்டு வாங்க!" என்று மாமி சத்தம் போட்டார். எனக்கு அந்த மனுசியைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. முணுமுணுத்த பெண்களே ஓடிப்போய் ஆளுக்கொரு படுக்கை விரிப்பைக் கொண்டு வந்தார்கள். அறை வாசலில் இருந்து வாகனம் வரை இரண்டு பக்கமும் வரிசையாக நின்று அவற்றைத் திரையாகப் பிடித்தார்கள். பூப்போட்டவை, கோடு போட்டவை, கடல் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அந்தத் துணிச் சந்துக்குள்ளால் நாங்கள் நஸீஹாவைத் தூக்கிக்கொண்டு போனோம். ஓர் ஆணின் கண்ணும் அவள்மேல் படவில்லை.

வார்டில் சேலைன் ஏற்றினோம். இரத்தம் எடுத்து, வேறு நோய் எதுவும் காரணமில்லை என்று பார்த்தோம். அடுத்த நாள் காலையில் மெடம் ஓர் ஊசி எழுதினார். எழுதிய மருந்தைப் பார்த்துவிட்டு நான் இன்னொரு முறை பார்த்தேன்.

"மெடம், இது நித்திரைக்குக் குடுக்கிற மருந்தல்லவா?"

"ஓம். உங்களுக்குப் போட்டா நீங்க தூங்குவீங்க. இவங்களுக்குப் போட்டா, சில நேரம், எழும்புவாங்க."

"அது எப்பிடி?"

"கொஞ்சம் தெரியும். நிறையத் தெரியாது" என்றார் மெடம்.

என் கையால்தான் போட்டேன். பிறகு காத்திருந்தோம். மாமி கட்டிலடியில் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். நான் மாதாவை வேண்டினேன். மெடம் என்ன வேண்டினார் என்று தெரியாது, கடிகாரம் இல்லாத மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். முதலில் தொண்டை அசைந்தது. அவள் எச்சில் விழுங்கினாள். பிறகு தோள் தளர்ந்து கீழே இறங்கியது. பிறகு கண், அதுவரை எங்கேயோ இருந்த கண், இறங்கி வந்து அறையைப் பார்த்தது. கூரையை, என்னை, மெடத்தை, கடைசியில் மாமியை.

"மாமி, தண்ணி தாங்க" என்றாள்.

குரல் உடைந்து, மணலில் இழுபட்ட மாதிரி இருந்தது. மாமி தஸ்பீஹைப் போட்டுவிட்டார். கோப்பையை அவசரமாக நீட்டியதில் பாதித் தண்ணீர் படுக்கையில் ஊற்றுப்பட்டது. நான் தாதி, நான் அழக்கூடாது. சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். செத்தவர் எழும்பியதை வேதாகமத்தில் எத்தனை தரம் வாசித்திருப்பேன்! வாசிப்பது வேறு, கட்டிலடியில் நின்று காண்பது வேறு.

பின்னேரம் மருந்தின் வேகம் குறைய அவள் திரும்பவும் இறுகினாள். மாமி தலையில் அடித்துக்கொண்டார். "இப்பிடித்தான் நடக்கும், பயப்பட வேணாம். திரும்பவும் கூப்பிடுவோம்" என்றார் மெடம். கூப்பிட்டோம். மருந்தை நேரத்துக்கு நேரம் கொடுக்கக் கொடுக்க, அவள் வெளியே இருக்கிற நேரம் கூடிக்கொண்டே வந்தது. ஒரு நாள் தானே எழுந்து முகம் கழுவினாள்.

அன்று நான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். என் அழகான விளக்கம் இன்னும் என்னோடுதான் இருந்தது. கேட்டேவிட்டேன். "நஸீஹா, அவர் திரும்பி வருவார் எண்டு காத்துக்கொண்டு இருந்தீங்களா?"

"இல்ல மிஸ்" என்றாள். சந்தேகமே இல்லாத குரல். "அவரு மௌத்து எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். செய்தி வர முன்னமே தெரியும். நான் ஒருத்தரயும் காத்துக்கொண்டு இரிக்கல்ல. நீங்க எல்லாரும் கதைச்சது எனக்குக் கேட்டிச்சி. தண்ணி குடி எண்டு மாமி செல்றா, எனக்கும் தாகம்தான். கையத் தூக்கு எண்டு நானே எனக்குச் செல்றன். கை கேக்குதில்ல. எண்ட கைதான், எண்ட மடியிலதான் இரிக்கி, கேக்குதில்ல. அது ஏன் மிஸ்? நீங்க படிச்சவங்கதானே."

எனக்குத் தெரியவில்லை. மெடத்திடம் போய்க் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்ல அவர் வெட்கப்படவும் இல்லை. நானே திரும்பிப் போய், "எங்களுக்குத் தெரியா, நஸீஹா" என்று சொன்னேன். அவள் தலையசைத்தாள். அந்தப் பதில் அவளுக்குப் போதுமாக இருந்தது போலத் தோன்றியது. இன்று வரை எனக்கு அது போதவில்லை. அப்படிப் போதாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோசம்.

நான் பின்னலை முடித்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"மிஸ், இவ்வளவு நாளும் நான் அவருக்காக அழுதனா?"

"இல்ல. நான் கண்டதிலிருந்து இல்ல."

"மாமி?"

"இல்ல மகள். ஒரு சொட்டு இல்ல" என்றார் மாமி.

"அப்ப நான் இன்னும் அழவே இல்ல" என்றாள் நஸீஹா.

சொல்லி முடித்ததும் அது வந்தது. முதலில் ஒரு முனகல், பிறகு புருசனின் பெயர், பிறகு வார்டே அதிரும் ஓலம். மார்பில் அடித்தாள். கட்டிலைப் பிடித்து உலுக்கினாள். நான் போட்ட பின்னல் அவிழ்ந்து போனது. மற்ற நோயாளிகள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். வேலைக்குப் புதிதாக வந்த தாதி ஒருத்தி அமைதிப்படுத்தும் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

சத்தம் கேட்டு வந்த மெடம் வாசலில் நின்று அவளை மறித்தார்.

"வைங்க அதை. இதுக்கு மருந்து இல்ல. இது நோய் இல்ல."

அந்த ஊசி தட்டத்துக்குத் திரும்பிப் போனது. மாமி கட்டிலில் ஏறி மருமகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அழு புள்ள, நல்லா அழு" என்று தானும் சேர்ந்து ஓலமிட்டார். மகன் போன நாளிலிருந்து அந்தத் தாயும் அழ இடமில்லாமல் இருந்திருக்கிறார். வார்டில் ஒருவரும் அவர்களைத் தடுக்கவில்லை. நாங்கள் எல்லாரும் நின்ற இடத்தில் நின்று, ஆரோக்கியமான ஒரு மனுசி அழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.